கடைக்குக் கேபிள் இணையம் வருமுன் கவனிக்க வேண்டியவை

பில் போடுவது, ஜி.எஸ்.டி. தாக்கல், இ-வே பில், யு.பி.ஐ. வரவு என எல்லாவற்றுக்கும் இன்று இணையம் தேவைப்படுகிறது. இதனால் நம் வணிகர்கள் பலர் கேபிள் இணைப்பு வாங்கி வருகின்றனர். ஆபரேட்டரின் ஆள் கம்பியை இணைத்துவிட்டுப் போய்விடுவார். நம் கணக்கைக் காப்பது நம் பொறுப்பே. எனவே அவர் வருமுன் செய்து முடிக்க வேண்டிய வேலைகளைப் பார்ப்போம்.

இணைப்பு வேலை செய்யும் விதம்

தொலைக்காட்சிக்கு வரும் அதே கோஆக்சியல் கேபிளில், வேறு அலைவரிசையில் இணையமும் வருகிறது. அதைப் பிரித்துத் தரும் கருவியே மோடம். இதற்கான டாக்சிஸ் என்னும் பொது விதிமுறை 1997-ல் அமெரிக்காவில் வெளியானது. தெருவிலுள்ள பல இணைப்புகள் ஒரே கேபிளைப் பங்கிட்டுக் கொள்வதால், மாலை நேரத்தில் வேகம் குறையக்கூடும். இப்போது பல ஆபரேட்டர்கள் கண்ணாடி இழைக் கேபிளே தருகிறார்கள். உங்களுக்கு வரப்போவது எது என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.

1. கணக்கைப் படியெடுங்கள்

சர்வரிலுள்ள பில் கணக்கு, கடன் பாக்கி, சரக்கிருப்பு அனைத்தையும் தனி ஹார்டு டிஸ்க்கில் படியெடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பாக்கிக் கணக்கு அழிந்தால் கடன் கொடுத்ததற்கு ஆதாரமும் போய்விடும்.

2. சர்வருக்கு நிலையான முகவரி

கடைக்குள் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் கதவு எண் போல ஒரு முகவரி உண்டு. புதிய ரூட்டர் வந்ததும் இந்த எண்கள் மாறினால், கல்லாவிலுள்ள கணிப்பொறி சர்வரைத் தேடி அலையும்; பில் நின்றுவிடும். எனவே தற்போதைய எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். சர்வருக்கும் பிரிண்டருக்கும் மாறாத எண் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய ரூட்டரும் புதிய ரூட்டரும் ஒரே நேரத்தில் எண் வழங்கினால் குழப்பமே மிஞ்சும். ஒன்று மட்டும் வழங்கட்டும்.

3. கேபிளும் மின்சாரமும்

ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவான சிக்னலே போகும். ஆகவே மோடத்துக்கு, கூடுதல் பிரிப்பான்கள் இல்லாத நேர் இணைப்புக் கேளுங்கள். இடியிலிருந்து காக்கக் கேபிளின் உறைக்கு எர்த் கொடுக்க வேண்டும். மோடம், ரூட்டர் இரண்டையும் சர்வருடன் யு.பி.எஸ்.-இல் சேருங்கள். ஆனாலும் தெருவிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் இல்லையென்றால் கோஆக்சியல் இணைப்பு நின்றுவிடும். அவ்வேளைக்குக் கைபேசி இணையம் தயாராக இருக்கட்டும். இணையம் இல்லாமலும் பில் போட முடிகிறதா என்று முன்பே சோதித்துக் கொள்ளுங்கள்.

4. கதவைப் பூட்டுங்கள்

2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்னும் வைரஸ், பாதுகாப்புத் திருத்தம் போடாத விண்டோஸ் கணிப்பொறிகளில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இது உலகின் பல நாடுகளையும் தாக்கியது. ஆகவே இணைப்பு வருமுன்பே விண்டோஸ் திருத்தங்களைப் போட்டுவிடுங்கள். ரூட்டருடன் வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுத்தால் தனிப்பெயரில் கொடுங்கள்; அது சர்வரை எட்டக் கூடாது. வீட்டிலிருந்து சர்வரைப் பார்க்கும் வசதிக்காக அதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்க வேண்டாம்.

5. ஆள் வரும் நாள்

பண்டிகைக்கு முந்தைய நாட்களைத் தவிர்த்து, வியாபாரம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் எல்லாக் கல்லாவிலும் ஒரு சோதனை பில் போட்டுப் பாருங்கள். கல்லாவும் சர்வரும் வைஃபையை நம்பாமல் கம்பி வழியே இணைந்திருப்பது நல்லது. அந்தக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ரூட்டர் கடவுச்சொல், ஆபரேட்டரின் புகார் எண், சர்வரின் எண் மூன்றையும் எழுதி, பெட்டகத்தில் வையுங்கள். இத்தனைக்கும் பிறகே கையெழுத்துப் போட்டு, ஆளை அனுப்பி வையுங்கள்.