மையமற்ற குழுக்களும் வணிகக்குறிச் சிக்கல்களும்

பிளாக்செயின் திட்டங்கள் பலவற்றுக்குத் தனி முதலாளி கிடையாது. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து நிரல் எழுதி, கணினிகளை இயக்கி அவற்றை நடத்துகின்றனர். இவர்களை மையமற்ற குழுக்கள் என்பர். பலரது உழைப்பால் ஒரு பெயர் மதிப்புப் பெற்றபின், அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் சிற்பிகளும் ஒரு பெயரைப் பலராகப் பகிர்ந்துகொள்பவர்களே. அவர்களுக்குச் சட்டம் காட்டிய வழி, இந்தப் புதிய சிக்கலைப் புரிந்துகொள்ள உதவும்.

சிக்கலின் அடிப்படை

ஒரு பொருளோ சேவையோ யாரிடமிருந்து வருகிறது என்று காட்டும் அடையாளமே வணிகக்குறி. இந்தியாவில் வணிகக்குறிகள் சட்டம், 1999 இதனை ஆள்கிறது. பதிவு செய்ய, தன்னை உரிமையாளர் என்று கூறும் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். மையமற்ற குழுவில் அப்படி ஒருவர் இல்லாததே முதல் இடர்ப்பாடு.

திறமூல நிரலை யாரும் நகலெடுக்கலாம். குழு பிளவுபட்டால் நிரல் இரு தரப்புக்கும் கிடைக்கும். பெயர் ஒரு தரப்புக்கே கிடைக்கும். 2016 ஜூன் மாதத்தில் 'தி டிஏஓ' என்ற நிதியத்திலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் களவாடப்பட்டது. அதை மீட்பதற்காக ஜூலை 20 அன்று எதிரியம் பிளாக்செயின் மாற்றியமைக்கப்பட்டது. மாற்றத்தை ஏற்காதவர்கள் பழைய சங்கிலியையே தொடர்ந்தனர். ஆனால் எதிரியம் என்ற பெயர் மாற்றப்பட்ட சங்கிலியுடன் சென்றது. மாறாத சங்கிலி 'எதிரியம் கிளாசிக்' என்று அழைக்கப்பட்டது.

முன்னோடி: லினக்ஸ்

பிளாக்செயினுக்கு முன்பே இத்தகைய பிணக்கு எழுந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கினார். ஏராளமான தன்னார்வலர்கள் அதை வளர்த்தனர். அதற்குத் தொடர்பில்லாத ஒருவர் அமெரிக்காவில் 'லினக்ஸ்' என்ற பெயரைத் தம் பேரில் பதிவு செய்துகொண்டு, அதைப் பயன்படுத்தியவர்களிடம் பணம் கேட்டார். வழக்கு தொடரப்பட்டு, 1997-இல் சமரசத்தின் மூலம் அப்பெயர் டோர்வால்ட்சுக்கு மாற்றப்பட்டது. பெயரைக் காக்க ஆள் இல்லையென்றால், முந்திப் பதிபவர் அதைக் கைப்பற்ற முடியும் என்பதை இது காட்டியது.

மாமல்லபுரம் காட்டும் வழி

மாமல்லபுரத்தில் உளிச்சத்தம் கேட்கும் பட்டறைகள் பல உண்டு. எந்த ஒரு பட்டறையும் ஊரின் புகழைத் தனக்கு மட்டும் என்று உரிமை கொண்டாட முடியாது. 2017-இல் 'மகாபலிபுரம் கற்சிற்பம்' புவிசார் குறியீடு பெற்றது. இதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது.

புவிசார் குறியீடுகள் சட்டம், 1999 தனி உரிமையாளரைக் கேட்பதில்லை. உற்பத்தியாளர்களின் சங்கமோ அவர்களின் நலனைப் பேணும் அமைப்போ விண்ணப்பிக்கலாம். அதன்பின் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொள்ளலாம். பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தினால் அவரும் நீதிமன்றம் செல்லலாம். இந்த உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. பயனர் இறந்தால் அவருடைய வாரிசைச் சேரும். வேறு ஊரில் சிலை செதுக்குவதை இச்சட்டம் தடுப்பதில்லை. அச்சிலையை மகாபலிபுரத்துச் சிலை என்று விற்பதையே தடுக்கிறது. நிரல் பொது, பெயர் காவலுக்குரியது என்ற நிலையும் இதைப் போன்றதே.

பிளாக்செயினுக்குப் பொருந்துமா?

நேரடியாகப் பொருந்தாது. புவிசார் குறியீட்டுக்கு ஊர் வேண்டும்; பிளாக்செயினுக்கு ஊர் இல்லை. நெருங்கிய மாற்று, வணிகக்குறிகள் சட்டத்தில் உள்ள கூட்டு வணிகக்குறி. இதைச் சங்கம் ஒன்று பதிவு செய்யலாம். யார் உறுப்பினர், எந்த நிபந்தனையில் பெயரைப் பயன்படுத்தலாம், மீறினால் என்ன நடவடிக்கை என்ற விதிகளையும் விண்ணப்பத்துடன் தர வேண்டும். உறுப்பினர் பட்டியலே இல்லாத குழுவுக்கு இது கடினம்.

இதனால் பல திட்டங்கள் அறக்கட்டளை ஒன்றை அமைத்துப் பெயரை அதனிடம் ஒப்படைக்கின்றன. இதில் வேறோர் ஆபத்து உண்டு. காவலுக்கு வைத்தவரே உரிமையாளராக நடந்துகொண்டால், உழைத்தவர்கள் புதுப்பெயர் தேட நேரிடும். எந்த அமைப்பும் வேண்டாம் என்று விட்டுவிடுவதும் பாதுகாப்பன்று. 'ஊக்கி டிஏஓ' வழக்கில், பதிவு செய்யப்படாத சங்கமாகக் கருதி அக்குழுமீது வழக்குத் தொடரலாம் என்று அமெரிக்க நீதிமன்றம் 2022-இல் கூறியது. பெயருக்கு உரிமை கோர ஆள் இல்லாவிட்டாலும் பொறுப்பு மட்டும் வந்து சேரலாம்.

குழுக்கள் கவனிக்க வேண்டியவை

பெயரை யார், எப்போது முதல், எதற்குப் பயன்படுத்தினர் என்பதற்கான சான்றுகளைச் சேமித்து வைக்க வேண்டும். அறக்கட்டளை அமைத்தால், பிளவு ஏற்படும்போது பெயர் யாரைச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். பிறர் அப்பெயருக்கு விண்ணப்பித்தால், வணிகக்குறி இதழில் விளம்பரம் வெளியான நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பவர் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. முதலாளி இல்லாத குழுவின் உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் சட்டம் தந்திருக்கும் எளிய கருவி இதுவே.