கனமான லென்ஸ்: வாங்கலாமா, வேண்டாமா?

போட்டோ எடுத்து உபவருமானம் தேடும் மும்பைத் தமிழர்களுக்குச் சில கணக்குகள்

வாரத்தில் ஆறு நாள் கம்பெனிக் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை போட்டோகிராபர். மும்பையில் இப்படி இரண்டு வேலை பார்க்கும் தமிழர்கள் உண்டு. தாராவி, மாதுங்கா, செம்பூர், முலுண்டு பகுதிகளில் காதுகுத்து முதல் அரங்கேற்றம் வரை அவர்களுக்கு அழைப்பு வரும். சம்பளம் வாடகைக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் சரியாகிவிடும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் காமிராதான் கைகொடுக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் ஓர் ஆசை வரும். கோட்டைப் பகுதியில், போரா பஜார் தெருவின் காமிராக் கடைகளில் நின்று பார்த்தால் ஆசை இன்னும் பெரிதாகும். 70-200 மி.மீ., எப் 2.8 ஜூம் லென்ஸ்தான் அது. பெரிய பத்திரிகைக்காரர்கள் தோளில் தொங்கவிட்டுச் செல்லும் பீரங்கி. விலையோ பல மாதச் சம்பளம்.

தீபாவளி போனஸை இதில் போடலாமா? கடன் வாங்கலாமா? முடிவெடுக்கும் முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கண் பெரிது, கனமும் பெரிது

எப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் துவாரம் பெரிது என்று அர்த்தம். 200 மி.மீ. தூரத்தை 2.8-ஆல் வகுத்தால் சுமார் 71 மி.மீ. அவ்வளவு அகலமான கண் வேண்டும். எப் 4 லென்ஸுக்கு 50 மி.மீ. போதும். எப் 5.6 லென்ஸுக்கு 36 மி.மீ. போதும்.

எப் 5.6-ஐவிட எப் 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதற்குப் பெரிய கண்ணாடிகள் வேண்டும். கண்ணாடியைத் தாங்கப் பெரிய குழல் வேண்டும். கனம் வருவது இதனால்தான்.

கேனன் கம்பெனியின் 55-250 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸின் எடை 375 கிராம். அதே கம்பெனியின் 70-200 எப் 4 லென்ஸ், இரண்டாம் மாதிரி, சுமார் 780 கிராம். 2018-ல் வந்த எப் 2.8 மூன்றாம் மாதிரியோ கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. சிறிய லென்ஸுடன் ஒப்பிட்டால் வெளிச்சமும் நான்கு மடங்கு, சுமையும் நான்கு மடங்கு.

எங்கே உதவும்?

கிங்ஸ் சர்க்கிள் அருகேயுள்ள சண்முகானந்தா அரங்கத்தில் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம் என்று வைத்துக்கொள்வோம். நாட்டிய நிகழ்ச்சிகளில் பிளாஷ் அடிப்பதைப் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். மேடை விளக்குதான் கதி. ஐ.எஸ்.ஓ. 3200-ல் வைத்தும், எப் 5.6-ல் ஷட்டர் வேகம் நொடியில் 60-ல் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று கொள்வோம். அந்த வேகத்தில் அடவு பிடிக்கும் கை புகைபோல் கலைந்துவிடும்.

அதே வெளிச்சத்தில் எப் 4 இருந்தால் 125-ல் ஒரு பங்கு. எப் 2.8 இருந்தால் 250-ல் ஒரு பங்கு. துள்ளும் கால்கூட ஓரளவு நின்று தெரியும். பெற்றோர் பணம் கொடுப்பது அந்த ஒரு படத்துக்குத்தான்.

'எங்கள் லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே' என்று சிலர் கேட்பார்கள். அது படம் எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். ஆடுபவரின் அசைவைத் தடுக்காது. பலரும் ஏமாறும் இடம் இது.

எங்கே உதவாது?

சிவ்ரி கழிமுகச் சேற்றில் குளிர்காலந்தோறும் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். அவற்றை எடுக்க இந்த லென்ஸ் வேண்டும் என்று நினைத்தால் பணம் வீண். அங்கே பகல் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தூரம்தான் பிரச்சினை. 250 மி.மீ. லென்ஸில் சிறிதாகத் தெரியும் பறவை, 200 மி.மீ.-ல் இன்னும் சிறிதாகத்தான் தெரியும். இரட்டிப்பாக்கும் கன்வர்ட்டரைப் போட்டால் 400 மி.மீ. ஆகும். ஆனால் எப் 2.8 என்பது எப் 5.6 ஆகிவிடும். விலை கொடுத்து வாங்கிய வெளிச்சம் போய்விடும்.

கல்யாணங்களிலும் இதற்கு வேலை குறைவு. நம் முகூர்த்த மேடையில் ஐயரின் தோளை உரசிக்கொண்டுதான் படம் எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே அகலமாகக் காட்டும் லென்ஸும் ஒரு பிளாஷும்தான் சோறு போடும்.

இன்னொன்று. எப் 2.8-ல் திறந்து கிட்டே இழுத்து எடுத்தால் கூர்மை விழும் ஆழம் குறைவு. முன்வரிசையில் நிற்கும் பெண்ணின் முகம் தெளிவாக இருக்கும், பின்வரிசைப் பெண் மங்கிவிடுவாள். அவளுடைய தாயாரும் படம் கேட்பார்.

பழைய படங்களே சாட்சி

கடைக்காரரையும் நண்பரையும் கேட்பதைவிடத் தன் பழைய படங்களைக் கேட்பது மேல். டிஜிட்டல் காமிரா ஒவ்வொரு படத்துடனும் ஷட்டர் வேகம், எப் எண், மி.மீ. எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. கடந்த ஓராண்டில் கெட்டுப்போன படங்களை மூன்று பிரிவாகப் பிரிக்க வேண்டும்.

மேடை தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலைந்திருந்தால், வேகம் போதவில்லை. படம் முழுவதும் ஆடியிருந்தால், கை நடுங்கியிருக்கிறது. அதற்கு ஒற்றைக்கால் ஸ்டாண்டு போதும். எல்லாம் சரியாக இருந்து ஆள் மட்டும் சிறிதாகத் தெரிந்தால், தூரம் போதவில்லை. முதல் பிரிவு பெரிதாக இருப்பவருக்குத்தான் எப் 2.8 தேவை.

தோளின் கணக்கு

காமிரா பாடி, லென்ஸ், பிளாஷ், பாட்டரி எல்லாம் சேர்ந்தால் பை மூன்று கிலோவைத் தாண்டிவிடும். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லோக்கல் வண்டியின் கூட்டத்தில் ஏற வேண்டும். பிறகு மூன்று மணி நேரம் கையில் தூக்கிப் பிடிக்க வேண்டும். மறுநாள் காலை ஆபீசில் பேனா பிடிப்பதும் அதே கைதான். பாரத்துக்குப் பயந்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும் லென்ஸ், எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஒரு படமும் எடுக்காது.

வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். மும்பையில் லென்ஸை வாடகைக்குக் கொடுப்போர் இருக்கிறார்கள். அதை வைத்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து, லோக்கல் வண்டியிலேயே வீடு திரும்பிப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

பணக் கணக்கு

மாதத் தவணையை, ஒரு நிகழ்ச்சியில் செலவு போகக் கையில் நிற்கும் தொகையால் வகுத்துப் பார்க்க வேண்டும். விடை இரண்டு என்றால், மாதம் இரண்டு நிகழ்ச்சி லென்ஸுக்கே போய்விடும். மழைக்காலத்திலும் ஆடி மாதத்திலும் அந்த இரண்டாவது வருமா? வராவிட்டால் தவணை சம்பளத்தில் கைவைக்கும். பிறகு ஊருக்குப் போகும் மணியார்டரில் கைவைக்கும். லென்ஸின் கடனை லென்ஸே அடைக்க வேண்டும், வீடு அடைக்கக் கூடாது.

நடுவழியும் உண்டு

மேடைக்கு அருகே இடம் கிடைப்பவர்கள் 85 மி.மீ. எப் 1.8 லென்ஸைப் பார்க்கலாம். ஜூம் கிடையாது. ஆனால் எப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும். கேனனின் 85 மி.மீ. எடை 425 கிராம்தான். விலையும் பெரிய லென்ஸின் விலையில் சிறு பகுதியே. வெளிப்புற விழாக்களை அதிகம் எடுப்போருக்கு எப் 4 போதும்.

மிரர்லெஸ் காமிராவுக்காகக் கேனன் 2019-ல் கொண்டுவந்த 70-200 எப் 2.8 லென்ஸ் 1,070 கிராம்தான். ஆனால் அது பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடியில் பொருந்தாது. லென்ஸோடு பாடியும் மாற்ற வேண்டிவரும்.

பழைய லென்ஸ் வாங்குவோர் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மும்பையின் ஈரக் காற்றில் கண்ணாடிமேல் பூஞ்சை சிலந்தி வலைபோல் படரும். சொந்த லென்ஸையும் துணி பீரோவில் வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது.

மாதந்தோறும் இருட்டு மேடையில் ஆட்டமும் பாட்டும் எடுத்து, அதற்குக் கூலியும் தவறாமல் வாங்குபவருக்கு எப் 2.8 ஒரு தொழில் கருவி. அவர் தயங்காமல் வாங்கலாம். வருடத்தில் இரண்டு அரங்கேற்றம் மட்டும் எடுப்பவர் அந்த இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு, போனஸைத் தபால் ஆபீசில் போட்டு வைக்கலாம். அழைப்புகள் பெருகினால் அந்தப் பணம் அப்போதும் அங்கேதான் இருக்கும்.