செயிண்ட் ஜான் தீவின் அமைதி எங்கிருந்து வந்தது?

போன மார்ச் மாசம் ஒரு வாரம் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயிண்ட் ஜானுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே விமான நிலையம் கிடையாது. பக்கத்துத் தீவான செயிண்ட் தாமஸில் இறங்கி, ரெட் ஹுக் துறையிலிருந்து இருபது நிமிஷம் படகில் போகணும். மொத்தமே சுமார் 50 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை நாலாயிரத்துக்கும் கீழே. தீவில் ஏறத்தாழ 60 சதவீதம் தேசியப் பூங்கா. வடக்குக் கரையில் வெள்ளை மணல் முடியும் இடத்திலேயே காடு ஆரம்பிக்குது. முதல் நாள் ட்ரங்க் பே கடற்கரையில் நின்னுக்கிட்டு, "மனுஷன் கையே படாத இடம் போல இருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன்.

மறுநாளே அது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது.

தீவின் வடகிழக்கில் அன்னபெர்க் என்ற இடத்தில் ஒரு பழைய சர்க்கரை ஆலையின் இடிபாடு இருக்கிறது. காற்றாலைக் கோபுரம், அதன் அருகே சாறு காய்ச்சிய கட்டடம். உள்ளே வரிசையாகக் கொப்பரைகள் உட்கார்ந்த வட்டக் குழிகள், கீழே அடுப்பு. எங்க தாத்தா ஊர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகை பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அதே கரும்புச் சக்கைதான் எரிபொருள். பெரிய கொப்பரையிலிருந்து சின்னக் கொப்பரைக்குக் கொதிக்கும் பாகைக் கையால் மொண்டு மொண்டு மாற்றியிருக்கிறார்கள். வித்தியாசம், இங்கே மொண்டவர்கள் அடிமைகள்.

சுவரை உற்றுப் பார்த்தால் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கல். பவளம்! கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளமும், கப்பலில் வந்த மஞ்சள் செங்கலும், மலைக் கல்லும் கலந்து கட்டியது. சாந்துக்குச் சுண்ணாம்பு, பவளத்தையும் சிப்பியையும் சுட்டு எடுத்தது. இன்று இதே கடலில் பவளத்துக்குக் கெடுதல் என்று சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனைக்கூட 2020-லிருந்து தடை செய்திருக்கிறார்கள்.

கதை 1718-ல் தொடங்குகிறது. அந்த வருஷம் டென்மார்க்காரர்கள் இங்கே குடியேறினார்கள். பதினைந்தே வருஷத்தில், 1733-ல், இந்தச் சின்னத் தீவில் 109 தோட்டங்கள். வெள்ளையர்கள் 208 பேர், அடிமைகள் 1087 பேர். அந்த வருஷம் வறட்சி, புயல், பயிரில் பூச்சி எல்லாம் சேர்ந்து வந்தது. பட்டினி தாங்காமல் ஓடுகிறவர்களுக்குக் கால் வெட்டுவது வரை தண்டனை என்று கவர்னர் புதுச் சட்டம் போட்டார். நவம்பர் 23 அன்று, இன்றைய கானாப் பகுதியிலிருந்து பிடித்து வரப்பட்ட அக்வாமு மக்கள் சிலர், விறகுக் கட்டுக்குள் கத்திகளை மறைத்துக் கொண்டுபோய் கோரல் பே கோட்டையைப் பிடித்தார்கள். ஆறு மாசம் தீவின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. கடைசியில் மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படை வந்துதான் அடக்க முடிந்தது. பிடிபடுவதை விடச் சாவதே மேல் என்று கூட்டமாக உயிரை விட்டவர்கள் பலர்.

பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கரும்புதான். அன்னபெர்க்கிலிருந்து பார்த்தால் எதிரே டோர்டோலா தீவு, கூப்பிடு தூரம் போலத் தெரியும். அது பிரிட்டிஷ் தீவு, அங்கே 1834-லேயே அடிமை முறையை ஒழித்துவிட்டார்கள். இந்தக் கரையில் 1848 வரை ஒழியவில்லை. நடுவில் ஒன்றிரண்டு மைல் தண்ணீர். ராத்திரியில் படகிலும் நீந்தியும் தாண்டியவர்கள் உண்டு. நான் அந்தச் சுவர் ஓரமாக வெகுநேரம் நின்றது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சர்க்கரை நொடித்ததும் காடு திரும்பியது. ஆக, நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாம் முறை வளர்ந்த காடு. அதில் திரியும் கழுதைகள் தோட்டச் சுமை இழுத்தவற்றின் வாரிசுகள். கீரிகள், கரும்பைத் தின்ற எலிகளைப் பிடிக்க 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவை. எலி ராத்திரி அலையும், கீரி பகலில் அலையும் என்பதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது! நம்ம ஊர்ப் புளிய மரமும் நிறைய. மனிதன் கொண்டு வராத பாலூட்டி நிலத்தில் எது என்று கேட்டால் வௌவால் மட்டும்தான்.

விடுதலையான மக்கள் என்ன ஆனார்கள்? சின்னக் காணிகளில் கிழங்கு போட்டு, மாடு வளர்த்து, மீன் பிடித்து, கரி சுட்டு வாழ்ந்தார்கள். 1917-ல் டென்மார்க் 25 மில்லியன் டாலருக்குத் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்றது. 1950 வாக்கில் செயிண்ட் ஜானில் ஆயிரம் பேர்கூட இல்லை. அப்போதுதான் லாரன்ஸ் ராக்ஃபெல்லர் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கி அரசுக்குக் கொடுக்க, 1956-ல் பூங்கா வந்தது. எல்லாக் கையேட்டிலும் இந்தக் கொடை இருக்கும். 1962-ல் தனியார் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் பிரிவு ஒன்று அமெரிக்க காங்கிரஸ் வரை போனதும், தீவு மக்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டதும் அவ்வளவாகக் கண்ணில் படாது. டேனிஷ் மானுடவியலாளர் கேரன் ஃபாக் ஓல்விக் இந்தத் தீவு மக்களின் மூன்று நூற்றாண்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், தேடிப் படிக்கலாம்.

பூங்கா இல்லாவிட்டால் இந்தக் கரை முழுக்க ஹோட்டலாகியிருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் பூங்கா போக மிச்சமுள்ள நிலத்துக்கு விலை எகிறியதில், அங்கேயே பிறந்தவர்களுக்கு வீடு கட்ட இடம் எட்டாக்கனி ஆகிவிட்டது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அமுக்க எனக்கு மனசு வரவில்லை.

போகிறவர்களுக்கு: வண்டி நம்ம ஊர் போல இடதுபக்கம் ஓட்டணும், ஆனால் ஸ்டியரிங்கும் இடதுபக்கமே இருக்கும், முதல் நாள் தலை சுற்றும். கரையோரம் மான்சினீல் என்ற மரத்தின் அடியில் ஒதுங்க வேண்டாம், பால் பட்டால் தோல் வெந்துபோகும், அதன் காய் விஷம். கடலாமை பார்க்க மாஹோ பே. அன்னபெர்க்குக்கு வெயில் ஏறுவதற்கு முன், தண்ணி பாட்டிலோடு, முதல் நாளே போயிடுங்க. ட்ரங்க் பே மறுநாளும் அங்கேதான் இருக்கும்.