கொசு வலை இருக்கட்டுமா, கழற்றிவிடலாமா?

சன்னல் கொசு வலை விஷயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள். வலை இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. “கொசு வரக்கூடாதுன்னு காத்தையும் வரவிடாம பண்ணிட்டியேம்மா” என்பது அம்மாவின் கட்சி. என் கணவர் எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். வலையைக் கழற்றிக் கழுவும் வேலை அவருடையது என்பதால் மனத்தளவில் அம்மா பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

தெம்பனிசில் நான்காவது மாடியில் எங்கள் வீவக வீடு. பகலில் நாங்கள் வேலைக்கும் மகன் பள்ளிக்கும் போய்விட, வீட்டில் இருப்பவர் அம்மா மட்டும்தான். வலையின் புழுக்கத்தை அனுபவிப்பவரும் அவர்தான். ஆனால் வலை மிகவும் தேவைப்படுபவரும் அவர்தான். 2022ல் அம்மாவுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இருந்தார். அந்த ஆண்டு சிங்கப்பூரில் 32,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2020ல், அந்த எண்ணிக்கை 35,000ஐத் தாண்டியிருந்தது.

டெங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து குணமானால், நீண்டகால எதிர்ப்புச் சக்தி அந்த வகைக்கு மட்டுமே கிடைக்கும். அடுத்த முறை வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். “எனக்குத்தான் வந்து போயிடுச்சே, இனி என்ன பயம்?” என்று அம்மா கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

காற்று விஷயத்தில் அம்மா சொல்வது சரி

வலை காற்றைக் குறைக்கவே செய்யும். கண்ணி எவ்வளவு நெருக்கமோ, காற்று அவ்வளவு தடைபடும். அதில் தூசும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் படிந்துவிட்டால் இன்னும் மோசம். இரண்டு மாதம் கழுவாத வலையைக் கழற்றித் தண்ணீரில் அலசிப் பாருங்கள், காற்று எங்கே போனது என்பது புரியும்.

புகைமூட்டக் காலத்திலும் வலையை நம்ப முடியாது. புகையில் உள்ள நுண்துகள்களுக்குக் கொசு வலையின் கண்ணி அகலத் திறந்த கதவு மாதிரி. அப்போது கண்ணாடிச் சன்னலைத்தான் மூட வேண்டும்.

வலை குழந்தைகளுக்குப் பாதுகாப்பு அரணும் அல்ல. சாய்ந்தால் தாங்காது, அதிலும் காந்தப் பட்டையிலோ வெல்க்ரோ பட்டையிலோ நிற்கும் வலை சட்டென்று பிரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரும்புக் கம்பித் தடுப்பு கட்டாயம் வேண்டும்.

கொசு எங்கிருந்து வருகிறது?

“நாங்கள் பதினைந்தாவது மாடி, அவ்வளவு உயரத்துக்குக் கொசு வராது” என்று சிலர் சொல்வதுண்டு. ஏடிஸ் கொசு பறந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மின்தூக்கியில் நம்முடனேயே ஏறி வரும். அதைவிட, நம் வீட்டுக்குள்ளேயே பிறந்தும் வளரும். பூச்சாடித் தட்டு, பூசை அறைச் செம்பு, குளியலறை வாளி, சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் குழாய் என்று கொஞ்சம் சுத்தமான தண்ணீர் தேங்கும் எந்த இடமும் அதற்குப் போதும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம்தான்.

வீட்டுக்குள் கொசு பிறந்தால், வலை அதை வெளியே போகவிடாமல் நம்மோடு அடைத்துவைக்கும். தண்ணீர் தேங்கும் வீட்டில் வலை மட்டும் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று, ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காலையில் விடிந்தபின் சில மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முன் சில மணி நேரமும் அதற்கு உச்ச நேரம். இரவு படுக்கும்போது மட்டும் வலையை மூடுவது டெங்கிக்குப் பொருத்தமான பழக்கமல்ல.

எங்கள் வட்டாரத்தில் கண்ணில் படும் கொசுவெல்லாம் கடிக்கும் கொசுவும் அல்ல. 2016ல் தேசியச் சுற்றுப்புற வாரியம் வொல்பாக்கியா ஆண் கொசுக்களை முதலில் விடத் தொடங்கிய இடங்களில் தெம்பனிஸ் வெஸ்ட்டும் ஒன்று. ஆண் கொசு கடிக்காது. அவற்றுடன் சேரும் பெண் ஏடிஸின் முட்டைகள் பொரியாது. ஆனாலும் பறப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொண்டா இருக்க முடியும்?

எங்கள் வீட்டு உடன்பாடு

மொத்த வீட்டுக்கும் ஒரே பதில் தேடியதால்தான் சண்டை நீண்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சன்னலாகப் பேசினோம்.

அம்மாவின் அறையிலும் மகனின் அறையிலும் வலை நிரந்தரம். அம்மா அறையில் சுவரில் மாட்டும் மின்விசிறி ஒன்று கூடுதலாக வந்தது. மின்விசிறிக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறந்து வந்து உட்காரவும் முடியாது.

அம்மா பகலில் உட்கார்ந்து வானொலி கேட்கும் வரவேற்பறைச் சன்னலில், ஒட்டும் வலையை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் இழுத்து மூடும் மடிப்பு வலை போட்டோம். வெயில் ஏறியபின் பத்து மணி முதல் நான்கு மணி வரை அம்மா திறந்து வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில் கொசுவே வராது என்று சொல்ல முடியாது. அதனால் கைகால்களில் கொசு விரட்டிக் களிம்பு தடவிக்கொள்ள அம்மா ஒப்புக்கொண்டார். வட்டாரத்தில் டெங்கிக் குழுமம் என்று அறிவிப்புப் பதாகை தொங்கினால் நாள் முழுவதும் வலை மூடியிருக்கும்.

சமையலறையில் துணிக் கழியை நீட்ட வேண்டியிருப்பதால் வலையே இல்லை. அதற்குப் பதில் கழிக் குழாய்களுக்கு மூடி போட்டாயிற்று. அலசல் வேலை மாதம் இருமுறை, கணவரும் நானும் மாறி மாறி.

அம்மா போட்ட நிபந்தனையும் ஒன்று உண்டு. “வலையை நான் மூடுறேன். பால்கனிப் பூச்சாடித் தட்டை ஞாயித்துக்கிழமை தவறாம நீ பாக்கணும்.” நியாயமான பேச்சுதான். தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏடிஸ் முட்டை ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது டெங்கி வந்தால், அன்றைக்கு வலை விவாதத்துக்கே இடமில்லை. காய்ச்சலில் இருப்பவரைக் கடிக்கும் கொசு, கிருமியை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அந்த ஒரு வாரம் நாம் மூடும் வலை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான்.