பியர் தெளிய நுவரெலியாக் குளிர் வேண்டும்

நுவரெலியாவில் 1881இல் பியர் ஆலை எழுந்ததற்கு மலையூற்று நீரோடு அங்குள்ள குளிரும் ஒரு காரணம். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். கண்டி நகரம் 500 மீட்டரில், 24, 25 பாகையில் கிடக்கிறது. இந்த எட்டொன்பது பாகை வித்தியாசத்தில்தான் பியர் தெளிவதன் இரகசியம் பாதி இருக்கிறது.

அனுமதியின்றி வீட்டில் பியர் வடிப்பது இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். பிரித்தானியாவில் அந்த உரிமக் கட்டுப்பாடு 1963இலேயே நீங்கிவிட்டது. அங்குள்ள நம்மவர்கள் டின்னில் வரும் மோல்ட் பாகை வாங்கி, நீரும் மதுவமும் சேர்த்துப் புளிக்கவைத்து, கெக் எனப்படும் உருக்குப் பீப்பாயில் அடைக்கலாம். சுவை வந்துவிடும். தெளிவுதான் வராது.

கலக்குவது முதலில் மதுவம். அதன் ஒரு கலம் ஆறு மைக்ரோமீட்டர் அளவு. ஸ்டோக்ஸின் விதியைப் போட்டுப் பார்த்தால், தனிக் கலம் ஒரு நாளில் பத்துச் சென்ரிமீட்டர்கூட இறங்காது. 60 சென்ரிமீட்டர் உயரக் கெக்கின் அடியைத் தொட ஒரு வாரம் ஆகும். ஆனால் விட்டம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்கு. குளிரில் பியர் சற்றுத் தடித்து வேகத்தைக் குறைத்தாலும், கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால் வெல்வது குளிர்தான். ஜெலற்றின் கரைசல் விட்டால் இன்னும் விரைவு. மதுவத்தின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது, ஜெலற்றினுக்கோ நேர்மின்னேற்றம்.

அடுத்தது பொல்லாதது. தானியப் புரதமும் பொலிபீனோல்களும் குளிரில் இணைந்து புகைபோல் படரும். சூடேறினால் கரைந்து மறையும். கண்டி வெயிலில் பளிங்காகத் தெரியும் பியர் பிரிட்ஜுக்குள் போனதும் மங்குவது இதனால்தான். முதலில் இரண்டு பாகை அளவில் சில நாட்கள் வைத்து அந்தப் புகையை வரவழைத்து, அடியில் படியவிட்டு, சூடேற விடாமலே மேலிருந்து எடுக்கவேண்டும். பொலிபீனோல் நம் பக்கத்துக்குப் புதிதல்ல: கித்துள் கள் பானையில் ஹால் மரப்பட்டையைப் போடுவது அதன் டானின் நொதித்தலைத் தாமதப்படுத்தும் என்பதற்காக. டானினும் அந்த இனந்தான். கள்ளில் யாரும் தெளிவைக் கேட்பதில்லை, அது வேறு கதை.

கெக்கில் இன்னொரு சிக்கல். உறிஞ்சுகுழாய் அடிவரை செல்வதால், படிந்த வண்டலே முதல் கோப்பைக்கு வரும். அதைக் கொட்டிவிட்டு, கெக்கை அசைக்காமல் விட்டால் அடுத்தது தெளிவாக வரும். மேற்பரப்பில் மிதக்கும் குழாய் பொருத்தினால் அந்த இழப்பும் இல்லை. சீனி சேர்த்து உள்ளேயே வாயு உண்டாக்கினால் புதிய மதுவப் படிவு வரும். கொள்கலத்து காபனீரொட்சைட்டே மேல்.

நுவரெலியா ஆலை 1990களின் இறுதியில் கொழும்பருகே பியகமைக்கு இறங்கிவிட்டது. குளிரை இயந்திரம் தரும் காலத்தில் மலை அவசியமில்லை. ஆலையின் பேர்போன சரக்கான லயன் ஸ்டவுட்டோ கரிய நிறம்; கலங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.