‘அலைச்சல்தான்... தூங்கினா சரியாயிடும்!’ - பண்டிகை நாட்களில் ஹை ரிஸ்க் கர்ப்பிணிகள் ஏமாந்துபோகும் இடம்

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாட்கள் காஞ்சிபுரத்தில் தெருவெல்லாம் தலைகள்தான். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வரும் அத்திவரதரைப் பார்க்க ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். நெரிசலைப் பார்த்த மாவட்ட நிர்வாகம், கர்ப்பிணிகளும் முதியவர்களும் வருவதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. ஆனாலும் கர்ப்பிணிகள் வந்தார்கள். ‘விட்டால் இனி 2059-ல்தானே’ என்ற நினைப்பு. அப்படி வந்த ஒருவருக்கு அங்கேயே வலி எடுத்து, கோயில் மருத்துவ முகாமிலேயே குழந்தை பிறந்தது.

அங்கே கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவக்குழு இருந்தது. வீட்டில் நடக்கும் தீபாவளியிலும் பொங்கலிலும் வளைகாப்பிலும் அது இருக்காது. சாதாரண கர்ப்பத்துக்கே பண்டிகைக்காலம் கொஞ்சம் அலைச்சல்தான். ‘ஹை ரிஸ்க்’ என்று அட்டையில் எழுதப்பட்டவர்களுக்கு அலைச்சலைவிடப் பெரிய பிரச்னை ஒன்று இருக்கிறது. பண்டிகை நாளில் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கைக்கெல்லாம் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

தலை வலிக்கிறதா? அடுப்படிப் புகை. கால் வீங்கியிருக்கிறதா? காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாய். நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறதா? நேற்று சாப்பிட்ட அதிரசம். “அலைச்சல்தான் கண்ணு, சுக்குப் பத்து போட்டுக்கிட்டுப் படு, காலையில சரியாயிடும்” என்று மாமியார் அன்பாகத்தான் சொல்வார். “சரிங்க அத்தை” என்று மருமகளும் படுத்துவிடுவார். வந்த விருந்தாளிகள் முன்னால் ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்து நல்ல நாளைக் கெடுக்க வேண்டாமே என்று அவருக்கும் தோன்றும்.

யார் ஹை ரிஸ்க்?

ரத்த அழுத்தம், சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இதயநோய், தைராய்டு பிரச்னை உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், 35-ஐத் தாண்டியவர்கள் எனப் பட்டியல் நீளும். பட்டியலில் பெயர் வந்ததும் பயப்பட வேண்டியதில்லை. கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தலைவலி சாதாரணமானது அல்ல

20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். 160/110 என்றால் அது அவசர நிலை. வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய ‘ப்ரீஎக்லாம்ப்சியா’ இப்படித்தான் வரும். சில நேரம் அழுத்தம் ஏறியிருப்பதே தெரியாது.

அதனால்தான் தலைவலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விடாத தலைவலி, கண் மங்கலாகத் தெரிவது, பூச்சி பறப்பதுபோல மின்னுவது, வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல் வயிற்றில் வலி, மூச்சு வாங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பது இரட்டைத் தவறு. அறிகுறி மறைந்துவிடும். தவிர, ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் பண்டிகை வாரத்தில் அது அலமாரியில் தூங்க வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்த்து, அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

தறி மேடையில் உட்காரும்போது

காஞ்சிபுரம் நெசவு வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஊருக்கெல்லாம் லீவு வரும் முன்புதான் இங்கே வேலை குவியும். தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் சேலை முடித்துக் கொடுக்க வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு, தறியில் கூட உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் தேவை. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்தான். தறியில் இல்லாத நேரத்தில் தார் சுற்றுவதும் அவர்தான். இந்த உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது என்பதால், அதை வேலை என்றே பலர் கணக்கில் எடுப்பதில்லை. டாக்டர் ‘என்ன வேலை பார்க்கிறீங்க?’ என்று கேட்டால், ‘வீட்டில்தான் இருக்கேன்’ என்று பதில் வரும். தறியில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் யாருக்கும் பாதம் வீங்கும். அதுவே ஆபத்தான வீக்கத்தையும் மறைத்துவிடுகிறது. சாயங்காலம் வீங்கி, இரவு படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டால் பொதுவாகப் பயமில்லை. காலையிலேயே முகம் உப்பியிருந்தாலோ, மோதிரம் கழற்ற வராமல் போனாலோ கதை வேறு. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்துவிடக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நாலு எட்டு நடப்பது அவசியம். டாக்டர் ஓய்வு சொல்லியிருந்தால், சீசனாக இருந்தாலும் கூட உட்காரும் இடத்துக்கு வேறு ஆள்தான் வர வேண்டும். சேலை இரண்டு நாள் தள்ளிப்போகும், போகட்டும்.

வளைகாப்பு இனிப்பும் கோயில் இட்லியும்

கர்ப்பகாலச் சர்க்கரையை எல்லா கர்ப்பிணிகளுக்கும் பரிசோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் சென்னையின் டாக்டர் வி.சேஷய்யா. தமிழ்நாடு 2007-லேயே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 75 கிராம் குளுகோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஆறாம் மாதம் இந்தப் பரிசோதனை முடிந்த கையோடு ஏழாம் மாத வளைகாப்பு வரும். வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாய் இனிப்பு ஊட்டுவார்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் எனத் தட்டு முழுக்க அரிசி.

மறுக்கச் சங்கடமாக இருந்தால் ஒரு வழி உண்டு. ஊட்டும் பொறுப்பை முதலிலேயே அம்மாவிடம் சொல்லி, கிண்ணத்தில் பழத்துண்டையோ சுண்டலையோ வைத்துவிடலாம். சடங்குக்கு ஒரு குறையும் வராது. சுக்கும் மிளகும் சீரகமும் மணக்கும் காஞ்சிபுரம் இட்லி ஒரு துண்டு சாப்பிடலாம், ஆனால் அதுவும் அரிசிதான், நெய் வேறு. தீபாவளி லேகியத்தில் வெல்லம் இருக்கிறது. ‘மருந்துதானே’ என்று ஏமாற வேண்டாம்.

விரதம் இன்னும் சிக்கலானது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். சாப்பிட்டுவிட்டு இன்சுலினை விட்டால் சர்க்கரை ஏறும். டாக்டரிடம் கேட்காமல் இரண்டையும் செய்யக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரைக்கு எதிரி காபி. பண்டிகை வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் டம்ளர் நீட்டும்போது நாமும் ஒரு வாய் குடிப்போம். அதோடு சேர்த்து மாத்திரை போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. காபி, டீக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கருட சேவை பார்க்கலாமா?

வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. கோடை உச்சத்தில், தெரு நிறைந்த கூட்டத்தில் நடப்பது. ரத்தப்போக்கு இருந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், படுத்து ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்த ஆண்டு டி.வி-யில் சேவித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் டாக்டர் சம்மதித்தால், சுவாமி வரும் வீதியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். கையில் தண்ணீர், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். பட்டாசுப் புகை விஷயமும் இதேபோலத்தான், உள்ளே இருந்துவிடுவது நல்லது.

டாக்டர் லீவில் போகும் முன்

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. நேரத்துக்குப் போய்ச் சேர்கிறோமா என்பதுதான் கேள்வி. தீபாவளிக்கு முந்தைய வாரமே மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: டாக்டர் எந்தெந்த நாளில் இருக்க மாட்டார், அப்போது யாரைப் பார்ப்பது, இரவில் எங்கே போவது. மாத்திரையும் இன்சுலினும் லீவு முடியும் வரை போதுமா என்று எண்ணிப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அந்தத் தேதி பண்டிகையோடு மோதினால், மாற்று நாளைக் கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடம் கேட்டுவிடுங்கள்.

காஞ்சிபுரத்தில் அரசு தலைமை மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. மேல்சிகிச்சை என்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்னைக்கோ அனுப்புவார்கள். தேர் நாளில் எந்த வீதி அடைபடும், வண்டி எப்படி வெளியே வரும் என்பதை வீட்டு ஆண்கள் முதல் நாளே பார்த்து வைக்கட்டும். தாய் வீட்டுக்குப் போகிறவர்கள் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரில் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையை ஒட்டி வர வேண்டும்.

விருந்தாளிகள் எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு நிமிடம் யோசியுங்கள்: குழந்தை இன்று எப்போது அசைந்தது? 28 வாரத்தைத் தாண்டியவர்கள் பகல் முழுக்க நின்றுகொண்டே இருந்தால் அசைவைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். இடதுபக்கமாகச் சாய்ந்து படுத்து, வயிற்றில் கை வைத்துக் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால், ரத்தமோ நீரோ கசிந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவு 11 மணியானாலும், அன்று தீபாவளியே ஆனாலும், 108 வரும்.