சிகரத்துக்கு ஏற்றும் வடம்

மலையைக் காணும் ஆவல் மலையில் வாழ்வோரைவிடச் சமவெளியில் வாழ்வோர்க்கே மிகுதி. பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் ஆகிய ஊர்களைச் சூழ வாழும் நம் குடும்பங்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரும்பும் நெல்லுமே காட்சி. வெள்ளாற்றின் கரைமேடு நமக்கு உயர்ந்த இடம். கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்கு நடந்து செல்பவர்களும் ஏற்றம் இறக்கம் அறியாத பாதையிலேயே செல்கின்றனர். எனவேதான் கோடை விடுமுறை வந்ததும் ஏற்காடு, கொடைக்கானல் என்று நம் பங்குகளில் பேருந்து அமர்த்துகிறோம்.

ஆனால் இத்தகைய பயணங்களில் ஒரு குறை உண்டு. மலையடிவாரத்தை அடைந்ததும் இளையோர் துள்ளி ஓடி ஏறுகின்றனர். மூட்டுவலி உள்ள பாட்டியும், மூச்சிரைக்கும் தாத்தாவும், கால் ஊனமுற்ற பிள்ளையும் வண்டியிலேயே அமர்ந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குக் காவல் இருக்கின்றனர். மேலே போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதையே அவர்களுக்குக் கிடைக்கும் சிகரம். இந்தக் குறையைப் போக்க மனிதன் கண்ட வழிகளுள் ஒன்றுதான் கம்பிவட ஊர்தி. ‘ரோப் கார்’ என்று நாம் வழக்கில் சொல்கிறோம். அது எவ்வாறு இயங்குகிறது, எங்கெல்லாம் உள்ளது, அதில் ஏறுமுன் நாம் அறிய வேண்டியது யாது என்பவற்றை இங்கே காண்போம்.

கிணற்றடியில் கண்டதே

இதன் அடிப்படை நமக்குப் புதிதன்று. மின்மோட்டார் வருமுன் நம் வயல்களில் கவலை இறைத்ததை முதியோர் நினைவுகூர்வர். மாடுகள் சரிவில் இறங்க, உருளையின் மேல் வடம் ஓட, சால் நிறைந்து மேலே வரும். கீழே இருப்பதை மேலே கொணர வடமும் உருளையும் போதும் என்பதை உழவன் அன்றே அறிந்திருந்தான்.

கம்பிவட ஊர்தியில் தேங்காய் நார்க் கயிற்றுக்குப் பதில், பல நூறு எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த வடம். மாடுகளுக்குப் பதில் மின்மோட்டார். மலையடியில் ஒரு பெருஞ்சக்கரம், உச்சியில் மற்றொன்று. இரண்டையும் சுற்றி வடம் முடிவில்லா வளையமாய் ஓடிக்கொண்டே இருக்கும். இடையே எஃகுத் தூண்கள் வடத்தைத் தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் வலிய விற்சுருளால் இறுகும் பிடி ஒன்று உண்டு. அது வடத்தைக் கவ்விக்கொள்ள, பெட்டி வடத்தோடு மேலேறும். நிலையத்துக்குள் வந்ததும் பிடி தானே தளர்ந்து, பெட்டி மெல்ல நகரும். ஏறுவோர் ஏறி, இறங்குவோர் இறங்கியபின் மீண்டும் வடத்தைக் கவ்வும். ஒருபுறம் இறங்கும் பெட்டிகளின் பாரமே மறுபுறம் ஏறும் பெட்டிகளை இழுக்கத் துணை செய்வதால், செலவாகும் மின்சாரமும் குறைகிறது.

வேறொரு வகையும் உண்டு. அதில் அசையாத தடித்த வடம் ஒன்று தண்டவாளம்போல் பெட்டியைத் தாங்கும். மற்றொரு வடம் அதை இழுக்கும். இழுவடம் அறுந்தால், பெட்டியில் உள்ள தடை தாங்குவடத்தை இறுகக் கவ்விப் பெட்டியை நிறுத்தும். இந்தத் தடையைப் பற்றி வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு நாம் திரும்ப வேண்டியிருக்கிறது.

பனிமலையின் தோளில்

நம் நாட்டில் இயற்கைக் காட்சிக்காகவே அமைந்த கம்பிவட ஊர்திகளுள் தலையாயது காஷ்மீரத்துக் குல்மார்க்கில் உள்ளது. பெண்ணாடத்திலிருந்து காஷ்மீரம் என்றால் ஒருகாலத்தில் எட்டாக் கனி. 2025 ஜூன் 6ஆம் நாள், செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தோடு கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபின், நம் ஊர் நிலையத்தில் ரயில் ஏறுபவர் இடையிடையே வண்டி மாறி ஸ்ரீநகர் வரை தண்டவாளத்திலேயே செல்லலாம். அங்கிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

குல்மார்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி. கோடையில் பூக்களும் குளிர்காலத்தில் பனியும் அதை மூடும். ஆங்கிலேயர் காலத்தில், 1902இல் கட்டிய புனித மரியன்னை ஆலயம் ஒன்று அப்புல்வெளியின் நடுவே அடக்கமாய் நிற்கிறது. நம்மவர் அங்குச் சென்றால் அதன் முன் சற்று நின்று செபிக்கத் தவறார்.

ஊர்தி இரு கட்டங்களாய் ஏறுகிறது. முதற் கட்டம் 1998இல் தொடங்கியது. அது தேவதாரு, ஊசியிலை மரங்களின் முடிகளுக்கு மேலாகக் கொங்டூரி என்னும் இடைநிலையத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. 2005இல் தொடங்கிய இரண்டாம் கட்டம், மரங்களே வளராத பாறைச் சரிவுகளைக் கடந்து, அபர்வத் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்கிறது. ஏறத்தாழ 13,000 அடி! உலகில் மிக உயரத்துக்குச் செல்லும் கம்பிவட ஊர்திகளுள் இதுவும் ஒன்று. வானம் தெளிந்த நாளில், 8,126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்வதம் தொலைவில் வெண்மதில்போல் தோன்றும்.

இவ்வளவு உயரத்தை ஒருவர் நடந்து ஏறினால் உடல் மெல்ல மெல்லப் பழகும். ஊர்தியோ அரைமணி நேரத்துக்குள் ஏற்றிவிடுகிறது. அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. எனவே தலைச்சுற்றலும் மூச்சுத் திணறலும் நேரலாம். இதயநோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்தே இரண்டாம் கட்டத்துக்குச் செல்லவேண்டும். முதல் நிலையத்தோடு நின்றாலும் காட்சிக்குக் குறைவில்லை.

தமிழகத்து மலைகளில்

நம் மாநிலத்தில் இவ்வசதி பெரும்பாலும் இந்து சகோதரர்களின் மலைக்கோயில்களை ஒட்டியே வளர்ந்துள்ளது. பழனி மலையில் 1966இலேயே இழுவை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அது தரையில் தண்டவாளத்தின்மேல் வடத்தால் இழுக்கப்படுவது. அந்தரத்தில் செல்லும் கம்பிவட ஊர்தி 2004இல் அங்கே வந்தது. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கும், 1,017 படிகள் கொண்ட குளித்தலை அருகேயுள்ள அய்யர்மலைக்கும் 2024இல் இவ்வசதி கிடைத்தது. படியேற இயலாமல் ஆண்டுக்கணக்கில் அடிவாரத்தில் நின்று கைகூப்பிய முதியவர்கள் பலர் இன்று மேலே செல்கின்றனர். அயலார் மகிழ்வது கண்டு நாமும் மகிழ்வது அன்பின் இலக்கணமன்றோ!

திமிர்வாதக்காரன் ஒருவனைக் கட்டிலோடு தூக்கி வந்து, கூட்டத்தினூடே வழி இல்லாமையால் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நால்வரை நற்செய்தியில் வாசிக்கிறோம். நடக்க இயலாதவனை அவன் சேர விரும்பும் இடத்துக்குச் சேர்ப்பது மனித மாண்பை மதிக்கும் செயல். அந்த நால்வரின் கைகள் செய்ததையே இன்று எஃகுவடம் செய்கிறது எனலாம். ஆனால் வடத்துக்குத் தானாக அன்பு செய்யத் தெரியாது. அதைக் காக்கும் மனிதரிடம் அன்பும் கடமையுணர்வும் இருந்தால்தான் அது பிறரைச் சுமக்கும். இதற்கு அண்மைக்காலத்து நிகழ்ச்சிகளே சான்று.

நிற்காத தடையும் நின்றுபோன பெட்டியும்

2021 மே 23, தூய ஆவியின் பெருவிழாவான ஞாயிறு. இத்தாலி நாட்டில் மஜோரே ஏரியின் கரையிலுள்ள ஸ்திரேசாவிலிருந்து மொத்தரோனே மலையுச்சிக்குச் சென்ற பெட்டி, உச்சியை நெருங்கும் வேளையில் இழுவடம் அறுந்தது. அப்போது தாங்குவடத்தைக் கவ்வி நிறுத்தியிருக்க வேண்டிய தடை வேலை செய்யவில்லை. பெட்டி சரிவில் விரைந்தோடிக் கீழே விழுந்து 14 பேர் மாண்டனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டுமே பிழைத்தான். அவன் பெற்றோரும் தம்பியும் மாண்டவர்களுள் அடங்குவர்.

தடை ஏன் வேலை செய்யவில்லை? அது வேண்டாத நேரங்களில் அடிக்கடி இறுகி ஊர்தியை நிறுத்திக்கொண்டே இருந்ததால், அதனை இறுக விடாமல் கவட்டை போன்ற இரும்புத் துண்டைச் செருகி வைத்திருந்தனர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. பயணிகள் காத்திருக்க நேரக்கூடாது, ஓட்டம் தடைப்படக்கூடாது என்ற எண்ணமே உயிர்காக்கும் கருவியின் வாயைக் கட்டிவிட்டது.

நம் நாட்டிலும் துயரங்கள் உண்டு. 2017 ஜூன் 25ஆம் நாள் குல்மார்க்கில் சூறைக்காற்றில் மரமொன்று சாய்ந்து வடத்தின்மேல் விழ, பெட்டி ஒன்று வீழ்ந்து ஏழு பேர் இறந்தனர். தில்லியிலிருந்து வந்த தாய் தந்தையும் இரு குழந்தைகளும், உடன் சென்ற உள்ளூர் வழிகாட்டிகள் மூவரும் அவர்கள். மலையைக் காண வந்தவரும், மலையை நம்பிப் பிழைத்தவரும் ஒரே பெட்டியில் மாண்டனர். பழனியிலும் 2007ஆம் ஆண்டில் உயிர்ப்பலி கொண்ட விபத்து நேர்ந்தது.

2022 ஏப்ரல் 10ஆம் நாள் ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கர் அருகே திரிகூட மலையில் பெட்டிகள் மோதி ஊர்தி நின்றது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் அந்தரத்தில் இரவைக் கழித்தனர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்து, வீரர்கள் கயிற்றில் இறங்கி, ஒவ்வொருவராய்த் தூக்கி மீட்டனர். மலையைச் சுற்றியுள்ள ஊரார் தண்ணீரும் உணவும் அனுப்பத் துணைநின்றனர். மூன்றாம் நாளே மீட்பு முடிந்தது. மீட்கும் முயற்சியிலேயே இருவர் கீழே விழுந்து இறந்தது அனைவர் நெஞ்சையும் உலுக்கியது.

காத்திருத்தலின் மாண்பு

இவற்றைக் கூறுவது வாசகரை அச்சுறுத்துவதற்கன்று. நாள்தோறும் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கம்பிவட ஊர்திகளில் நலமாய்ச் சென்று மீள்கின்றனர். நலமாய் மீள்வதற்குக் காரணம், நம் கண்ணில் படாத வேலை. வடத்தின் உள்ளே அறுந்த கம்பி ஏதும் உண்டா எனக் காந்தக் கருவி கொண்டு ஆராய்கின்றனர். பிடிகளைக் கழற்றிச் சோதிக்கின்றனர். தூண்களில் ஏறி உருளைகளுக்கு மசகு இடுகின்றனர். காற்றின் வேகத்தை அளக்கின்றனர். அது எல்லை மீறினால் ஊர்தியை நிறுத்துகின்றனர். பழனியில் மாதத்தில் ஒருநாளும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்துக்கு மேலும் பராமரிப்புக்காகவே ஊர்தி நிறுத்தப்படுகிறது.

‘இவ்வளவு தொலைவு வந்தும் இன்று ஓடாதாமே!’ என்று அப்போது சலித்துக்கொள்வது மனித இயல்பு. பயணச்சீட்டு அறையில் இருக்கும் ஊழியரிடம் சினந்து பேசுவோரும் உளர். அத்தகையோர் மொத்தரோனேயில் கட்டப்பட்ட தடையை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும். நிறுத்தத் தெரிந்த ஊழியரே நம்மைக் காப்பவர். காத்திருக்க மறுக்கும் கூட்டத்தின் நெருக்குதல், தடையின் வாயைக் கட்டும் கைக்கு மறைமுகமாய்த் துணைபோகிறது. ஊர்தி உரிமையாளரின் பொறுப்பும் அரசின் கண்காணிப்பும் முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும் பயணிகளாகிய நம் பொறுமைக்கும் அதில் பங்குண்டு.

உலகின் தென்கோடியில்

கம்பிவட ஊர்தியை நல்ல முறையில் பயன்படுத்தும் ஓரிடத்தையும் இங்குக் குறிப்பிடுவது தகும். அர்ஜென்டினா நாட்டின் பத்தகோனியாப் பகுதியில், நவேல் உவாப்பி ஏரிக்கரையில் பரிலோச்சே என்னும் நகர் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் சேசுசபைக் குரு நிக்கோலாஸ் மஸ்கார்தி நற்செய்திப் பணிக்கு வந்த ஏரி அது. நகரின் பேராலயம் இன்றும் நவேல் உவாப்பி அன்னையின் பெயரையே தாங்குகிறது. அருகே கத்தெட்ரல் என்றொரு மலை. பேராலயக் கோபுரங்கள்போல் கூரிய பாறைகள் அதன் முடியில் நிற்பதால் அப்பெயர்.

அந்நகரின் ஓரத்திலுள்ள ஓட்டோ மலைக்கு, 1,405 மீட்டர் உயரத்துக்கு, கம்பிவட ஊர்தி செல்கிறது. உச்சியில் மெல்லச் சுழலும் சிற்றுண்டிச்சாலை. அமர்ந்த இடத்திலிருந்தே ஏரியும் பனிமலைகளும் ஒவ்வொன்றாய்க் கண்முன் வரும். சிறப்பு யாதெனில், இவ்வூர்தியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அதன் வருவாய் மருத்துவமனைகளுக்கு உதவியாகச் செல்கிறது. மலையைக் கண்டு களிப்பவர் கொடுக்கும் காசு, படுக்கையில் கிடப்பவரைச் சென்று சேர்கிறது.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

கம்பிவட ஊர்தி உள்ள மலைக்குப் பயணம் திட்டமிடுவோர், புறப்படுமுன் ஊர்தி ஓடும் நாளா, பராமரிப்பு நாளா என விசாரித்தறிக. சீட்டுகளை முன்பதிவு செய்யும் வசதி இருப்பின் பயன்படுத்துக. காலை வேளையில் காற்று அடங்கியிருக்கும். பெட்டிக்குள் நிற்பதும் ஆட்டுவதும் கதவைத் தொடுவதும் கூடா. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட மடியில் திணிக்க வேண்டாம். இடையில் ஊர்தி நின்றால் அஞ்சற்க. பெரும்பாலும் அது பாதுகாப்புக்காகவே நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதனை முன்கூட்டியே விளக்கினால் அவர்கள் அழமாட்டார்கள்.

யாவற்றினும் மேலாக, அடுத்த பயணத்தின்போது வண்டியில் காவலிருக்க எவரையும் விட்டுச் செல்லாதிருப்போமாக. முதற்பெட்டியில் பாட்டியை ஏற்றுவோம். சாளரத்தோரம் அவருக்கே உரியது. உச்சியை அடைந்ததும் இளையோர் அவர் கையைப் பிடித்து இறக்கட்டும். வடத்தைக் காத்த ஊழியருக்கு ஒரு நன்றிச் சொல்லும் சொல்லட்டும்.